ஆறின பிறகு ஒரு டைட்

ச்சு. கேட்டதா, கேட்கவில்லையா. மேட்டுப்பாளையம் தாண்டி, கோத்தகிரிச் சாலையின் முதல் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தபோது, பானெட்டுக்கு அடியில் யாரோ நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்த மாதிரி ச்சு என்று ஒரே ஒரு தரம். அப்புறம் எஞ்சினின் கர்ர்ர் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டது. அந்தக் கர்ர்ர் நான் உண்டாக்கியது. இருபது வருஷப் பழைய எஸ்டீம் கார். எஞ்சின் முகப்பில் விரிசல் விட்டிருந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புகை வெளியேறுகிற நாலு வாசலுக்கும் தனித்தனியே நாலு குழாய் வளைத்து, நாலை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, நேற்று ராத்திரிதான் மாட்டி முடித்தேன். இன்றைக்குக் காலையில்தான் முதல் ஸ்டார்ட். பக்கத்து இருக்கையில் மாமனார். பின்னால் தாரணி, அவள் மடியில் ஒன்றேகால் வயசுப் பாப்பா, இரண்டு பேரும் தூக்கம். தாரணி பக்கத்துக் கதவு இடுக்கில் ஒரு துண்டை வைத்துச் சாத்தித் தொங்கவிட்டிருக்கிறாள், பாப்பா முகத்தில் வெயில் விழக்கூடாதென்று காலையில் போட்டது, இப்போது வெயிலே இல்லை, மழை, துண்டு மட்டும் தொங்குகிறது. நாளைக்குக் கோத்தகிரியில் மைத்துனி வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பாப்பாவுக்குச் சளி. அதனால் நாலு கண்ணாடியும் ஏற்றியிருக்கிறது. நாலு கண்ணாடியும் ஏற்றியிருக்கிறது என்பதை ஏன் இரண்டு தரம் நினைக்கிறேன்.

ச்சு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம். நாள் முழுக்கக் கம்பெனியில் பம்ப்பைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, எங்கே கசிகிறது என்று காதால் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு கசிவின் சத்தம் தெரியாதா. எஞ்சினின் முகத்துக்கும் என் குழாயின் பட்டைக்கும் நடுவில், கசியாமல் அடைக்கிற கேஸ்கட் சரியாக அமுங்காத இடத்தில், மயிரிழை இடைவெளியில், புகை எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. துக்க வீட்டில் உட்கார்ந்து உச்சுக்கொட்டுவார்களே, பாவம், ச்சு, சின்ன வயசு, ச்சு. அந்தச் சத்தம்தான். ஏன் துக்க வீடு ஞாபகத்துக்கு வருகிறது, வேறு ஒன்றுமே கிடைக்கவில்லையா, பல்லி என்று வைத்துக்கொள், பல்லியும் உச்சுக்கொட்டும், பல்லி சொன்னால் நல்லதும் நடக்கும். புகை வெளியே போய்விட்டால் பாதகமில்லை. போகாது. பானெட்டுக்குள் சுற்றும். பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற, சல்லடை மாதிரியான ஜாலி வழியாகத்தான் காருக்குள் காற்றே வருகிறது. புகையில் கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு இருக்கிறது, மூக்குக்குத் தெரிகிற கருகல் இருக்கிறது, இரண்டுக்கும் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை, இருமல்கூட வராது. தலை லேசாகக் கனக்கும். கொட்டாவி வரும். தூக்கம் வரும். "ஆவ்வ்" என்று மாமனார் பக்கத்தில் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டு, விரலைச் சொடுக்கிக்கொண்டார்.

அது வெறும் கொட்டாவி. இருட்டோடு எழுந்து அன்னூரில் பஸ் பிடித்து வந்த மனிதர் கொட்டாவி விடாமல் என்ன செய்வார். சென்னியப்பன் என்றால் அந்தக் காலத்தில் மில்லே நடுங்கும் என்று அவரே சொல்வார். காதை ஸ்பின்னிங் மெஷின்களுக்கும் மூக்கை மூக்குப்பொடிக்கும் கொடுத்துவிட்டவர், அவருக்கு ச்சுவும் கேட்காது, கருகலும் தெரியாது. ஆனால் பஞ்சாங்கம் தெரியும். காலையில் வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்து, குழாய்க்கு அடித்த வெள்ளிப் பெயின்ட் கருகிப் புகைந்து அடங்கும்வரை ஓடவிட்டு, அணைத்து, பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். ஆற வேண்டும். புதிதாக மாட்டின எதுவும் முதல் சூட்டில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும், இரும்பு விரியும், கேஸ்கட் அமுங்கும், நேற்று இறுக்கமாக இருந்த நட்டு இன்றைக்கு இளகும். ஆறின பிறகு ஒரு டைட். சூட்டோடு ஸ்பேனரைப் போட்டால் நட்டு ஏறுகிற ஸ்டட்டே முறிந்து கையில் வரும். இது பெரிய வித்தையில்லை, வண்டியில் கை வைக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. அப்போதுதான் அவர் வாட்ச்சைப் பார்த்தார். "இன்னிக்குச் சனிக்கெழமைங் மாப்ள. ஒம்போதுக்கெல்லாம் ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள கெளம்பிப் போடோணும்." "இன்னும் கொஞ்ச நேரம் ஆறோணுங் மாமா." "எது, சோறுங்களா?" தாரணி சிரித்தாள். நானும் சிரித்தேன். அங்கேதான் வழுக்கினேன். சிரித்த வாயோடு ஒரு மனிதரிடம் கேஸ்கட்டைப் பற்றி எப்படிச் சொல்வது. "ஓடற வண்டிய நிறுத்தி, ஆத்தி, மறுக்கா ஓட்டறதுக்கு இதென்ன பாலுங்களா? நல்ல நேரத்துல வாசலத் தாண்டிப் போட்டம்னா அப்பறம் எந்தக் காலமும் நம்மள ஒண்ணும் பண்ணாதுங்." வாசலைத் தாண்டினோம். சக்கரத்துக்கு அடியில் அவரே எலுமிச்சம்பழம் வைத்தார். அது நசுங்கினதுகூட எனக்குக் கேட்டது.

ச்சு. இந்தத் தரம் சந்தேகமில்லை. காலையில் கிளம்பினதும் துடியலூரில் கேட்டுக்கொண்டே இருந்தது, பெரியநாயக்கன்பாளையத்தில் மெலிந்தது, காரமடையில் நின்றுவிட்டது. நின்றது நல்லது என்றுதான் நினைத்தேன், சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அதுவே அடைத்துக்கொண்டது, சில வண்டியில் அப்படித்தான். ஆனால் சமதளத்தில் அடைத்துக்கொண்டது ஏற்றத்தில் திறந்துகொள்கிறது என்றால் அது மயிரிழை இல்லை. அது நட்டு. எந்த நட்டு என்றும் தெரியும். மூன்றாவது குழாயின் கீழ் நட்டு. அந்த இடத்தில் குழாயை ஒரு விரல்கடை அதிகமாக வளைத்துவிட்டேன், ஸ்பேனர் நுழைய இடமில்லை, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைச் சாணையில் பிடித்து மெலிதாக்கி, அதையும் சாய்த்து, கால் சுற்று, எடு, கால் சுற்று, எடு. மேல் நட்டை இறுக்கினபோது கைக்குக் கிடைத்த நிறைவு அதில் கிடைக்கவே இல்லை. முன்கண்ணாடி வெளுத்துக்கொண்டு வருகிறது. மழை வெளியே, நாலு பேர் மூச்சு உள்ளே. புளோயரைப் போட்டால் கண்ணாடி தெளியும், ஆனால் அது ஜாலி வழியாகத்தான் இழுக்கும், ஜாலிக்கு அடியில் ச்சு. வெளிக்காற்றை அடைக்கிற குமிழ் எப்போதோ கையோடு வந்துவிட்டது. புளோயரை அணைத்தால் ரோடு தெரியாது, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. போட்டேன். அணைத்தேன். பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்தேன், அதில் இருந்த எண்ணெய் கண்ணாடியில் வானவில் மாதிரி இழுபட்டது. "ஏனுங் மாப்ள, அந்த ஃபேன் மேல என்ன கோவம்? போடறீங்க, நிறுத்தறீங்க." "குளிருதுங் மாமா." "குளிருதா? வேர்த்துக் கொட்டுதுங்களே உங்களுக்கு." வேர்க்கிறதா, ஆமாம், வேர்க்கிறது, இது பயத்து வேர்வையா, இல்லை அதுவும் அதன் அறிகுறியா. "கண்ணாடியக் கொஞ்சம் எறக்கிக்கலாங்களா, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது." "சளி புடிச்ச புள்ளைய வெச்சுக்கிட்டு நல்லா எறக்குவீங்க. நாளைக்கு விசேஷத்துல அது மூக்கொழுகீட்டு நின்னா எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க." என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஒரு நூல் இறக்கினேன். மழை கன்னத்தில் அறைந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஏற்றிவிட்டேன்.

தாத்தா சொன்ன ஒரு கதையில் கிணறு வரும். அவர் கதையை "அப்பப் பாரு" என்று தொடங்குவார். அப்பப் பாரு, காட்டுக்குள்ள ஒரு வெட்டுக்கெணறு, தண்ணி வத்தி ரொம்ப காலம், அதுக்குள்ள ஒருத்தி குடியிருக்கறா. அவளுக்குப் பல்லில்லை, நகமில்லை, தலைவிரி கோலமில்லை. பிள்ளை இல்லாதவள், தாலாட்டு மட்டும் பாடுவாள். தூர் வார இறங்குகிறவன் முதலில் ஒரு கொட்டாவி விடுவான். மேலே நிற்கிறவன் கயிற்றை ஆட்டி, என்னடா ஆச்சு என்பான். ஒண்ணுமில்லீங்க, ஒரு கண்ணு தூங்கீட்டு வந்தர்றேன் என்று கீழேயிருந்து பதில் வரும், அவ்வளவு நிம்மதியான குரலில் வரும். அவனைத் தூக்க இறங்கினவனும் அதையேதான் சொல்வான். அதனால்தான் ஆள் இறங்குவதற்கு முன்னால் லாந்தரை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அவளுக்கு வெளிச்சம் ஆகாது, ஊதிவிடுவாள். விளக்கு அணைந்தால் அவள் விழித்திருக்கிறாள் என்று அர்த்தம், ஆள் இறங்கக்கூடாது. விளக்கு இல்லீனா என்ன பண்ணுவாங்க தாத்தா என்று கேட்டேன். அதற்கு என்ன சொன்னார்? கேட்டது நினைவிருக்கிறது, பதில் இல்லை. அந்த இடத்தில் நான் தூங்கிப்போயிருப்பேன். எத்தனையோ ராத்திரி கேட்ட கதை, ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் தூங்கிப்போயிருப்பேனா. விளக்கு இல்லையென்றால் என்ன செய்வது. சின்னது முதலில் அணையும். சின்ன மார்பு, சின்ன மூச்சு, பெரியவர்கள் கொட்டாவி விடும்போதே சின்னது... கண்ணாடியை, நடுவில் இருக்கிற கண்ணாடியை, பார்க்காதே, ரோட்டைப் பார். பார்த்தேன். பாப்பாவின் தலை தாரணியின் முழங்கை மடிப்பில், வாய் கொஞ்சம் திறந்து. மார்பு ஏறி இறங்குகிறதா என்று இந்தக் குலுங்கலில் எப்படிச் சொல்வது. எல்லாமே ஏறி இறங்குகிறது.

சொல்லிவிட வேண்டியதுதானே. வண்டியை ஓரம்கட்டி, புகை கசியுது, எல்லாரும் இறங்குங்க. நாலு வார்த்தை. இதற்கு ஏன் நாக்கு இப்படி அரைக்கிறது. ஏனென்றால் பழையதே ஒன்று கிடைத்தது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், விரிசல் இல்லாத வார்ப்பிரும்பு, என் வண்டிக்கு அப்படியே பொருந்துவது, கையில் தூக்கிப் பார்த்தேன், தூங்குகிற பிள்ளை மாதிரி கனமாக இருந்தது. திரும்ப வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது குழாய். நாலு குழாய் ஒன்றாகச் சேர்கிற இடத்தில் பிறக்கிற அந்தச் சத்தம். கூட்டாளி சிக்கந்தர் பட்டறையில் ஒரு வாரம் சாயங்காலம் முழுக்க நின்று, குழாயில் மணலை இறுக்கி, சூடு காட்டி வளைத்தோம். சுருங்காமல், நெளியாமல், கொடி திரும்புகிற மாதிரி அது திரும்பியபோது சிக்கந்தர் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "டேய், பொண்ணு பாக்கப் போனப்பக்கூட உன் மூஞ்சி இப்படி இல்லடா, நானும்தான கூட வந்தேன்" என்றான். வெட்கமாக இருந்தது, உண்மையாகவும் இருந்தது. தாரணி ஒரே ஒரு தரம் பட்டறை வாசல்வரை வந்து, நாலு குழாயையும் பார்த்து, "ஏனுங்க, இது பத்திரமுங்களா?" என்றாள். அழகா இருக்குதுங்களா என்று கேட்கவில்லை, எவ்வளவு ஆச்சு என்று கேட்கவில்லை. பத்திரமுங்களா. "பழசவிடப் பத்திரம்" என்றேன். சட்டென்று, யோசிக்காமல், ஒரு கடைக்காரன் சொல்கிற மாதிரி. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நம்பின தலையாட்டலா, விட்டுவிட்ட தலையாட்டலா, இன்றுவரை தெரியாது. இப்போது ஓரம்கட்டினால் அந்த வார்த்தையை இந்த மழையில், இந்த மனிதர் முன்னால் எடுத்துப் போட வேண்டும். அவர் அதைப் பொறுக்கிக்கொள்வார். அன்னூர் வரைக்கும் கொண்டுபோவார். தீபாவளிக்குக் கொண்டுவருவார். அதற்காகவா. அதற்காகவா இரண்டு உயிரை... ச்சு.

தலை கனக்கிறது. நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதனால் கனக்கிறது. அல்லது. புத்தி வேலை செய்கிறதா என்று பார்ப்போம், பதினேழாம் வாய்ப்பாடு. பதினேழு, முப்பத்துநாலு, ஐம்பத்தொன்று, அறுபத்தெட்டு, எண்பத்தைந்து, நூற்று... நூற்று இரண்டா, ஆமாம், இரண்டுதான், யோசிக்க வேண்டியிருந்ததே, எப்போதும் யோசிப்பேனா, பள்ளிக்கூடத்திலேயே இதில் தடுக்குவேனா. நெடி ஏதாவது வருகிறதா என்று மூக்கை இழுத்தேன். ஒரு வாரமாகக் கரி, பெயின்ட், வெல்டிங் புகையில் கிடந்த மூக்கு, அதற்கு எல்லாம் ஒன்றுதான். காரமடைப் பக்கம் தாரணிதான் கேட்டாள், "ஏனுங்க, என்னமோ வாசம் வருது." "புது பெயின்ட்டு, போகப்போகச் சரியாயிரும்" என்றேன். கொஞ்ச தூரத்தில் தலையைத் துண்டுப் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் காரில் தூங்குகிறவளா? இல்லை. கல்யாணமான மூன்று வருஷத்தில் காரில் ஒரு தரம்கூடத் தூங்கினதில்லை, நான் ஓட்டும்போது அவளும் கூடவே ஓட்டுவாள், காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பாள். அவள் ஏன் தூங்குகிறாள். பாப்பாவுக்குக் காலையில் சளி மருந்து கொடுத்தோம், அது தூக்கம் கொடுக்கும் என்று டாக்டரே சொன்னார், பாப்பா தூங்குவது மருந்து. தாரணி எந்த மருந்தைக் குடித்தாள். அவள் முகம் துண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழுத்து அப்படி மடங்கக்கூடாது, தூங்குகிறவள் கழுத்து அப்படித்தான் மடங்குமோ. துண்டு மட்டும் அசைகிறது. வண்டி ஆட்டத்துக்கு அசைகிறது. நேரான ரோட்டிலும் அசைகிறது.

வளைவு வந்தது. ஆரனை அழுத்தினேன். எதிரே வண்டி இல்லை. கையை எடுக்காமல், மலை திருப்பித் தருகிற அளவுக்கு, நீளமாக. கண்ணாடியில் பார்த்தேன். தாரணியின் இமை அசைந்ததா. இல்லை. பாப்பா இல்லை. "அட, தூங்கற புள்ளைய எதுக்குங் எழுப்பறீங்க? ஒரு ஈ காக்கா இல்ல ரோட்டுல." "வளைவுங் மாமா." "வளைவுன்னா ஒரு அமுக்கு. நீங்க என்னமோ அமைச்சர் வண்டி மாதிரி..." அவர் பாதியில் நிறுத்தி மறுபடி கொட்டாவி விட்டார், "ஆவ்வ், என்னமோ இன்னிக்கு அசத்துதுங், ஒரு கண்ணு தூங்கீட்டா தேவலாம்" என்றார். ஒரு கண்ணு தூங்கீட்டு. அவ்வளவு நிம்மதியான குரலில். கயிறு என் கையில் இருந்தது. தாத்தா, விளக்கு இல்லீனா என்ன பண்ணுவாங்க. கத்துவார்கள். வேறு என்ன செய்ய முடியும், மேலே நிற்கிறவன் வெட்கத்தை விட்டுக் கத்துவான். இடது பக்கம் பூட்டிக்கிடந்த ஒரு கேரட் கடை, அதன் தகரக் கூரை, அதன் முன்னால் வண்டி நிற்கிற அளவுக்கு மண். திருப்பினேன். பிரேக் மிதித்தது, சாவியைத் திருகினது, ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினது, எது முதலில் என்று தெரியாது. கர்ர்ர் நின்றது. மழைச் சத்தம் ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தது.

"புகை கசியுதுங் மாமா. உள்ள வருது. எறங்குங்க. தாரணி, எறங்கு! பாப்பாவத் தூக்கீட்டு எறங்கு!" என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. என் கதவு, ஓடிப்போய் அவர் கதவு, பின்கதவு, நாலையும் திறந்துபோட்டேன். தாரணி கண்ணைத் திறந்தாள். தூக்கத்திலிருந்து வருகிறவர்கள் திறக்கிற மாதிரி இல்லை. யாரோ கூப்பிடக் காத்திருந்தவள் மாதிரி, கூப்பிட்டதும், நேராக என்னைப் பார்த்துத் திறந்தாள். பாப்பாவைத் தூக்கித் தகரக் கூரைக்கு அடியில் ஓடினேன். குளிர்காற்று முகத்தில் பட்டதும் அது உதட்டைப் பிதுக்கி, ஒரு மூச்சு இழுத்து, இழுத்துக்கொண்டே போய், நான் செத்துப் பிழைத்த அந்த ஒரு நொடிக்குப் பிறகு, வீல் என்று அழுதது. நல்லா அழு. நல்லா அழு கண்ணு. இன்னும் கொஞ்சம்.

மாமனார் தலையில் கர்ச்சீப்பைப் போட்டுக்கொண்டு வந்து, நான் தூக்கி நிறுத்தின பானெட்டுக்குள் எட்டிப்பார்த்தார். பேசுவார் என்று தோளை இறுக்கிக்கொண்டேன். மழைத்துளி நாலு குழாயிலும் விழுந்து உஸ் உஸ் என்று ஆவியானது. "காலைல ஆறோணும் ஆறோணும்னீங்களே, இதுக்குத்தானுங்களா?" "ஆமாங் மாமா. ஆறின பிறகு ஒரு டைட் வெக்கோணும். வெக்காம வந்துட்டோம்." வந்துட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "பாட்டில்ல தண்ணி இருக்குது, ஊத்தட்டுங்களா?" "வேண்டாங், வெடிச்சுப்போடும். தானா ஆறட்டும்." அவர் வாட்ச்சைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நின்னது நின்னாச்சு. இனி எடுத்தா அது புதுசாக் கெளம்பற கணக்குத்தான். ராகு காலம் முடியறதுக்கு இன்னும் அரை மணி இருக்குதுங். முடியட்டும், அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க" என்றார், உத்தரவு மாதிரி. காலையில் ராகு காலத்தைச் சொல்லி என்னிடமிருந்து பிடுங்கின நேரத்தை, அதையே சொல்லி மலையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தது அவர் தெரிந்தே செய்ததா என்று முகத்தில் தேடினேன். பொடி மட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பைகளை நனையாமல் எடுக்க வண்டிக்குப் போனபோது பின்கதவில் துண்டு கிடந்தது. எடுத்தேன். கனத்தது. பிழிந்தால் சொட்டும் ஈரம். சீட்டின் அந்த ஓரம் முழுக்க நனைந்திருந்தது. கண்ணாடி இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. துண்டோடு அப்படியே நின்றேன். தாரணி பக்கத்தில் வந்து நின்றாள், அவள் இடது தோள், காது, கழுத்தோரத்து முடி எல்லாம் ஈரம்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"காரமடையில இருந்து. பெயின்ட் வாசம் காலைல வந்துச்சு, அது எனக்குத் தெரியாதுங்களா. இது வேற." குரலைத் தணித்துக்கொண்டாள். "காத்து அவ மூஞ்சிக்கு வர்ற மாதிரி வெச்சுக்கிட்டேன். மழைய நான் வாங்கிக்கிட்டேன்."

"தூங்கீட்டயேன்னு நான்..."

"தூங்கற மாதிரி இருந்தாத்தான் அப்பா திரும்பிப் பாக்க மாட்டாரு. பாத்தா கண்ணாடிய ஏத்தச் சொல்லுவாரு. ஏன்னு கேட்டா உங்க கொழாயச் சொல்லோணும்." ஈரத் தலைப்பை முறுக்கிப் பிழிந்தாள். "நீங்களாச் சொன்னா வேற, நான் சொன்னா வேற. அவரு வருசம் பூரா உங்கள ஓட்டுவாரு."

"ஆரன் அடிச்சனே. அப்பவாச்சும் கண்ணத் தொறந்திருக்கலாமில்ல."

"நீங்க வாயத் தொறந்திருக்கலாமில்லீங்க."

கேரட் கடைத் தகரத்தில் மழை பேசிக்கொண்டிருந்தது. கூரைக்கு அடியில் மாமனார் பாப்பாவுக்கு ஒரு குரங்கைக் காட்டி, அதைத் தன் சம்பந்தி வீட்டு ஆள் என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார். நான் குழாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, பழைய வார்ப்பிரும்பாக இருந்தால் மதியம்வரை சுடும், இது மெல்லிய குழாய், மழைக்காற்று வேறு, வைத்து, எடுத்து, கடைசியில் வைத்த கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. மூன்றாவது குழாயின் கீழ் நட்டுக்கு ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே சுற்றியது, நாலைந்து சுற்று, இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் அது வழியில் எங்காவது விழுந்திருக்கும். விரலால் வைத்து, மெலிதாக்கின ஸ்பேனரைச் சாய்த்து நுழைத்து, கால் சுற்று, எடு, கால் சுற்று, எடு. நிறைவு வருகிறவரை. எட்டு நட்டுக்கும். தாரணி பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள், எனக்கில்லை, எஞ்சினுக்கு. "பத்திரமுங்களா?" என்று இந்தத் தடவையும் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன், "இப்பதைக்குத் தாங்கும். கீழ வந்ததும் அந்தக் கொழாய மாத்தி வளைக்கோணும். வளைவு தப்பு."

பத்தரை தாண்டினதும் மாமனார் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தன் பக்கத்துக் கண்ணாடியின் கைப்பிடியைச் சுற்றி இரண்டு விரல்கடை இறக்கினார். "பொடி போட்டா கொஞ்சம் காத்து வேணுங்" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார். சாவியைத் திருகினேன். கர்ர்ர். மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. முதல் கியர், இரண்டாவது, ஏற்றம், மிதித்தேன். நான் காதை பானெட்டில் வைத்திருந்தேன், கண்ணாடியில் பார்த்தால் தாரணியும் தலையைச் சாய்த்து அங்கேதான் வைத்திருந்தாள். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. ஒன்றுமில்லை.

ச்சு.

"கேட்டுச்சா?" என்றேன். "கேட்டுதுங்களா?" என்றாள் அவள், அதே நேரத்தில், அவ்வளவு சத்தமாக.

"அட என்னுங், ரெண்டு பேரும் இப்படிக் கத்தறீங்க?" மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

தாரணியின் மடியில் பாப்பா நன்றாக விழித்துக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி, கட்டைவிரலை வாயிலிருந்து எடுத்தது. மறுபடி வைத்து, ச்சு என்று சூப்பத் தொடங்கியது.